பெயரில் தங்கிய சேர்மம்: ஹெக்சிம்1 புரதத்தைத் தூண்டும் வேதிப்பொருள்களின் வரலாறு (1971–2017)

ஆய்வுச் சுருக்கம்

மரபணுக்களின் படியெடுப்பை ஒழுங்குசெய்யும் ஹெக்சிம்1 புரதம், ஹெக்சாமெத்திலீன் பிஸ்அசிட்டமைடு என்னும் வேதிச் சேர்மத்தின் பெயரைத் தன் பெயரில் சுமந்து நிற்கிறது. இச்சேர்மம் பெரும்பாலும் வோரினோஸ்டாட் என்ற புற்றுநோய் மருந்தின் முன்னோடியாகவே வரலாற்றில் நினைக்கப்படுகிறது. அவ்வரலாறு சேர்மத்தின் ஒரு பாதையை மட்டுமே கூறுகிறது என்பதையும், ஒரு புரதத்தின் அளவு உயர்வதைக் குறிக்கும் ‘தூண்டல்’ என்ற சொல் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு சான்றுமதிப்பைப் பெற்றது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஹெக்சிம்1, எச்.எம்.பி.ஏ., டைமெத்தில் சல்பாக்சைடு, படியெடுத்தல், பி-டெஃப்-பி, 7எஸ்கே ஆர்.என்.ஏ., அறிவியல் வரலாறு.

முன்னுரை

2007ஆம் ஆண்டு நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் பால் மார்க்ஸ், ரொனால்ட் பிரெஸ்லோ ஆகிய இருவரும் ஒரு வரலாற்றுக் கட்டுரையை வெளியிட்டனர். டைமெத்தில் சல்பாக்சைடில் தொடங்கி வோரினோஸ்டாட்டில் முடிவது அதன் தலைப்பு. முந்தைய ஆண்டில்தான் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் வோரினோஸ்டாட்டைத் தோலில் தோன்றும் ஒருவகை டி-உயிரணு நிணநீர்ப் புற்றுக்கு மருந்தாக ஏற்றிருந்தது. மலிவான ஒரு கரைப்பானிலிருந்து ஒப்புதல் பெற்ற மருந்துவரை நீளும் முப்பத்தைந்து ஆண்டுப் பயணத்தை, அதில் பங்கேற்றோரே எழுதிய கட்டுரை அது. பிற்காலத்தோர் அவ்வரலாற்றையே பெரிதும் எடுத்தாள்கின்றனர்.

அக்கோட்டின் நடுவில் ஒரு சேர்மம் இருக்கிறது. ஹெக்சாமெத்திலீன் பிஸ்அசிட்டமைடு என்பது அதன் முழுப்பெயர், எச்.எம்.பி.ஏ. என்பது சுருக்கம். வோரினோஸ்டாட்டின் கதையில் அது ஒரு படிக்கட்டு. ஏறியவர்கள் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை எழவில்லை. ஆயினும் வோரினோஸ்டாட் எந்த நொதியைத் தடுத்துச் செயல்படுகிறதோ, அந்த நொதியை எச்.எம்.பி.ஏ. தடுப்பதில்லை. பெயரனின் செயல்முறை பாட்டனிடம் இல்லை. அவ்வாறாயின் எச்.எம்.பி.ஏ. உயிரணுவினுள் செய்தது என்ன? இவ்வினாவுக்கான விடையின் பெரும்பகுதி, புற்றுநோய் மருந்தைத் தேடாத ஆய்வகங்களிலிருந்து வந்தது. அவ்விடையின் மையத்தில் நிற்பது ஹெக்சிம்1 புரதம்.

சிவந்த உயிரணுக்கள்

சார்லட் ஃபிரெண்ட் 1956இல் நியூயார்க்கின் ஸ்லோன்-கெட்டரிங் நிறுவனத்தில் பணியாற்றியபோது, வளர்ந்த எலிகளுக்கு இரத்தப் புற்றை உண்டாக்கும் ஒரு வைரஸைப் பற்றி அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுச் சங்கத்தின் கூட்டத்தில் அறிவித்தார். அவையோர் அதை ஏளனத்துடன் எதிர்கொண்டனர். பாலூட்டிகளின் புற்றுக்கு வைரஸ் காரணமாகலாம் என்பதை அறிஞர் பலர் ஏற்காத காலம் அது. 1957இல் முழுக்கட்டுரை வெளிவந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப்பின் அதே சங்கம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. இன்று அந்த வைரஸ் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இக்கட்டுரைக்கு வைரஸைவிட அது விட்டுச்சென்ற உயிரணுக்களே முக்கியமானவை. நோயுற்ற எலிகளிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்பட்ட அவ்வுயிரணுக்கள், சிவப்பணுவாகும் பாதையில் பாதிவழியில் நின்றுவிட்டவை. அவற்றுள் மிகச்சில மட்டும் தாமாகவே முதிர்வதை ஃபிரெண்டும் அவர் குழுவினரும் 1966இல் பதிவுசெய்தனர். மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரிக்குச் சென்ற பின்னர், 1971இல், அவரும் உடன் ஆய்வாளர் மூவரும் வெளியிட்ட கட்டுரைதான் திருப்புமுனை. வளர்ப்பு ஊடகத்தில் ஏறத்தாழ இரண்டு விழுக்காடு டைமெத்தில் சல்பாக்சைடு சேர்த்தபோது உயிரணுக்களுள் பெரும்பாலானவை ஹீமோகுளோபினை உருவாக்கத் தொடங்கின. குழாயின் அடியில் படிந்த உயிரணுத் திரள் வெறுங்கண்ணுக்கே சிவப்பாகத் தெரிந்தது.

இம்முடிவு எவ்வளவு வியப்புக்குரியது என்பதை உணர அன்றைய டைமெத்தில் சல்பாக்சைடின் நிலையை அறிவது நல்லது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தயாரிக்கப்பட்ட இக்கரைப்பான், மரக்கூழ்த் தொழிலின் துணைப்பொருளிலிருந்து மலிவாகக் கிடைத்தது. உயிரணுக்களை உறைநிலையில் பாதுகாக்க இது உதவும் என்பதை லவ்லாக், பிஷப் ஆகியோர் 1959இல் காட்டினர். 1960களின் முற்பகுதியில் வலிநீக்கியாக இது பெரும் பரபரப்பை எழுப்பியது. விலங்குகளின் கண்வில்லையில் மாற்றங்கள் காணப்பட்டதால் 1965இல் அமெரிக்க அரசு மனிதர் மீதான சோதனைகளை நிறுத்தியது. எனவே ஃபிரெண்டின் ஆய்வகத்தில் இப்பொருள் மதிப்புமிக்க மருந்தாக இருக்கவில்லை; எந்த ஆய்வகத்திலும் அலமாரியில் கிடக்கும் ஒரு புட்டியாகவே இருந்தது. குறிப்பிட்ட இலக்கு எதுவும் அற்றதெனக் கருதப்பட்ட ஒரு கரைப்பான், புற்று உயிரணுவை அதன் இயல்பான முதிர்ச்சிக்குத் திருப்பியது. புற்று உயிரணுவைக் கொல்லாமலேயே அதன் வளர்ச்சியை நிறுத்தலாம் என்ற எண்ணத்திற்கு இது வலுவான சான்றாயிற்று.

கரைப்பானிலிருந்து மருந்துக்கு

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்க்ஸ், ரிச்சர்ட் ரிஃப்கைண்ட் ஆகியோர் இவ்வுயிரணுக்களைக் கையிலெடுத்தனர். அதே பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் பிரெஸ்லோ அவர்களுடன் இணைந்தார். டைமெத்தில் சல்பாக்சைடு செயல்படுவதற்கு அதன் முனைவுத்தன்மை காரணமாயின், முனைவுத்தன்மை மிகுந்த பிற சேர்மங்களும் செயல்படவேண்டும் என்பது அவர்களது கருதுகோள். 1975இல் வெளியான கட்டுரை அதை உறுதிசெய்தது. எளிய அமைடுகள் பல, டைமெத்தில் சல்பாக்சைடைவிடத் திறமாகச் செயல்பட்டன. அடுத்த படி வேதியியலாளருக்கே உரியது. ஒரு முனைவுத் தொகுதி செயல்படுமாயின், இரண்டை ஒரு சங்கிலியால் பிணைத்தால் இன்னும் நன்றாகச் செயல்படாதா? இரண்டு அசிட்டமைடு தொகுதிகளுக்கு இடையே வெவ்வேறு நீளமுள்ள கார்பன் சங்கிலிகளை வைத்துப் பார்த்ததில் ஆறு கார்பன் நீளமே மிகச் சிறந்ததாக அமைந்தது. 1976இல் வெளியான அச்சேர்மமே எச்.எம்.பி.ஏ. ஐந்து மில்லிமோலார் செறிவில் அது ஏறத்தாழ எல்லா உயிரணுக்களையும் முதிர்ச்சிப் பாதையில் செலுத்தியது.

இங்கு ஒன்றைக் குறிப்பிடவேண்டும். அச்சேர்மத்தை உருவாக்கியவர்களுக்கு அதன் இலக்கு எதுவென்று தெரியாது. உயிரணு சிவக்கிறதா இல்லையா என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு அவர்கள் வேதிக்கட்டமைப்பைச் செப்பனிட்டனர். இலக்கு மூலக்கூறை முதலில் கண்டறிந்து, அதற்குப் பொருந்தும் மருந்தை வடிப்பதே முறை என்று பாடநூல்கள் கூறும் இன்றைய வரிசைக்கு இது நேர்மாறானது. அன்றைய நிலையில் அதுவே நேர்மையான வழியாக இருந்தது எனலாம்.

1980களில் எச்.எம்.பி.ஏ. மனிதரிடம் சோதிக்கப்பட்டது. நரம்பு வழியே நாள் கணக்கில் இடைவிடாது செலுத்தவேண்டியிருந்தது. ஆய்வகத் தட்டில் பலனளித்த செறிவைக் குருதியில் எட்ட இயலவில்லை. அளவை உயர்த்தினால் இரத்தத் தட்டணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்தன. எலும்பு மச்சைக் கோளாறும் கடும் இரத்தப் புற்றும் உடையோரிடம் நிகழ்ந்த இரண்டாங்கட்டச் சோதனையின் முடிவு 1992இல் வெளியாயிற்று. சிலரிடம் நோய் தணிந்தது. ஆனால் அத்தணிவு நெடுநாள் நிலைக்கவில்லை. இதே காலத்தில் ஷாங்காயில் வாங் சென்யீயின் குழுவினர் ரெட்டினாயிக் அமிலத்தைக் கொண்டு ஒருவகைக் கடும் இரத்தப் புற்றில் அடைந்த வெற்றி (1988) முதிர்ச்சி வழிச் சிகிச்சை என்ற கருத்தையே உலகறியச் செய்தது. கருத்து வென்றது, எச்.எம்.பி.ஏ. வெல்லவில்லை.

மார்க்ஸ், பிரெஸ்லோ குழுவினர் அடுத்த தலைமுறைச் சேர்மங்களுக்குச் சென்றனர். 1996இல் அவர்கள் அறிவித்த எஸ்.ஏ.எச்.ஏ. என்னும் சேர்மம், எச்.எம்.பி.ஏ.வைப்போல் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு செறிவிலேயே செயல்பட்டது. ஜப்பானில் மினோரு யோஷிதாவின் ஆய்வுகளால் ஹிஸ்டோன் டிஅசிட்டைலேஸ் தடுப்பானென முன்பே அறியப்பட்டிருந்த டிரைக்கோஸ்டாட்டின்-ஏ என்ற இயற்கைப் பொருளுடன் அது அமைப்பில் ஒத்திருந்தது. 1998இல் எஸ்.ஏ.எச்.ஏ.வும் அதே நொதியைத் தடுப்பது நிறுவப்பட்டது. அதுவே பின்னர் வோரினோஸ்டாட் ஆயிற்று. எச்.எம்.பி.ஏ. அந்நொதியைத் தடுக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் வெளிப்பட்டது. வெற்றிக்கதையில் இது ஒரு வாக்கியத்துள் அடங்கிவிடும் செய்தி. வரலாற்று நோக்கில் அது அவ்வளவு சிறிதன்று. வேதிக்கட்டமைப்பில் தொடர்ச்சி இருந்த இடத்தில் செயல்முறையில் ஒரு முறிவு இருந்தது என்பதற்கு அச்செய்தியே சான்று.

ஒரு புரதம், நான்கு பெயர்கள்

1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், குருதிக்குழாய்ச் சுவரின் மென்தசை உயிரணுக்களில் எச்.எம்.பி.ஏ. செலுத்தப்படும்போது எந்த மரபணுக்களின் வெளிப்பாடு உயர்கிறது என்று தேடினர். அவர்களது வினா இரத்தப் புற்றைச் சார்ந்ததன்று; தமனிச் சுவர் தடிப்பதற்குக் காரணமான தசை உயிரணுப் பெருக்கம் பற்றியது. அத்தேடலில் கிடைத்த, அதுவரை அறியப்படாத ஒரு மரபணுவுக்கு ‘ஹெக்சாமெத்திலீன் பிஸ்அசிட்டமைடால் தூண்டப்படுவது’ என்னும் தொடரின் எழுத்துகளைச் சேர்த்து ஹெக்சிம்1 என்று பெயரிட்டனர். புரதம் என்ன செய்கிறது என்று தெரியாத நிலையில், அதை எது உயர்த்துகிறது என்பதே பெயராயிற்று. பணியால் பெயர்பெறாமல் தன்னை அழைத்தவரின் பெயரால் அறியப்படும் வேலையாளைப் போன்றது அதன் நிலை.

அதே புரதம் ஏறத்தாழ அதே காலத்தில் வேறு ஆய்வகங்களிலும் வெவ்வேறு பெயர்களுடன் வளர்ந்துகொண்டிருந்தது. புரூக்ளினில் இதய வளர்ச்சியை ஆராய்ந்தோர் அதை இதய உயிரணு வழிமரபின் புரதம் என்ற பொருளில் சி.எல்.பி-1 என்றனர்; 2004இல் அம்மரபணு நீக்கப்பட்ட எலிக்கருக்கள் இதயக் குறைபாட்டுடன் பிறப்பதற்கு முன்பே இறப்பதை அவர்கள் காட்டினர். கிளீவ்லாந்தின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் மோனிகா மொன்டானோவின் குழு, ஈஸ்ட்ரோஜன் இயக்குநீரால் குறைக்கப்படும் மரபணு என்ற பொருளில் இ.டி.ஜி1 என்று 2003இல் அறிவித்தது. மார்பகப் புற்றுத் திசுக்களில் அது குறைந்திருப்பதையும் சுட்டியது. பாரிஸில் ஒலிவியே பென்சோட் குழுவினர் அதே ஆண்டு சூட்டிய பெயர் மேக்யூ1. நால்வர் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவதைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம் அது. அறிவியற் பெயரிடலில் அரிதாகக் காணப்படும் நகைச்சுவை. பெயர் நிலைக்காமற்போனது ஒருவகையில் இழப்பே.

பென்சோட் குழுவின் நகைச்சுவையில் உண்மை இருந்தது. அந்நால்வர் யாவர் என்பதை அறிந்தால்தான் இப்புரதத்தின் பணி விளங்கும். மரபணுவைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்-2 நொதி, பல மரபணுக்களில் சிறிது தொலைவு சென்றதும் நின்றுவிடுகிறது. பி-டெஃப்-பி என்னும் கூட்டுப்புரதம் அதற்குப் பாஸ்பேட்டு ஏற்றி மேலே செலுத்துகிறது. டேவிட் பிரைஸின் ஆய்வகம் பழ ஈயில் இதனை இனங்கண்டது 1990களில். சி.டி.கே9, சைக்ளின்-டி என்னும் இரண்டு புரதங்கள் சேர்ந்தது அது. மூன்றாவது உறுப்பு 7எஸ்கே என்ற சிறிய ஆர்.என்.ஏ.; 1970கள் முதல் அறியப்பட்டும் அதன் பணி கால் நூற்றாண்டுக் காலம் புதிராகவே இருந்தது. 2001இல் பென்சோட் குழுவும் பெர்க்லியில் சியாங் சோவின் குழுவும் தனித்தனியே, 7எஸ்கே பி-டெஃப்-பியுடன் பிணைந்து அதை முடக்கிவைப்பதை நேச்சர் இதழில் வெளியிட்டன. ஆனால் ஆர்.என்.ஏ. மட்டும் தனித்து நொதியை அடக்கவில்லை. 2003இல் நான்காவது உறுப்பு வெளிப்பட்டது: ஹெக்சிம்1. 7எஸ்கேயுடன் பிணைந்த பின்னரே அது பி-டெஃப்-பியைப் பற்றி அடக்குகிறது.

எனவே உயிரணுவில் பி-டெஃப்-பி இரண்டு நிலைகளில் இருக்கிறது: சுதந்திரமாகச் செயல்படுவது ஒன்று; ஹெக்சிம்1, 7எஸ்கே ஆகியவற்றின் காவலில் இருப்பது மற்றொன்று. இவற்றுக்கிடையேயான சமநிலை உயிரணு பெருகுவதா, முதிர்வதா என்பதைப் பாதிக்கிறது. தசை உயிரணுவில் ஒரு பெயர், இதயத்தில் ஒரு பெயர், மார்பகத்தில் ஒரு பெயர் என்று தனித்தனியே கண்டறியப்பட்டது, படியெடுப்பின் பொதுவான ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளியைத்தான். நான்கு பெயர்களுள் நிலைத்தது, புரதத்தின் பணியைப் பற்றி எதுவும் கூறாத பெயர்.

தூண்டல் என்பதன் பொருள்

பழைய வினாவுக்கு இப்போது ஒரு விடை தோன்றியது. எச்.எம்.பி.ஏ. ஹெக்சிம்1இன் அளவை உயர்த்துகிறது, உயர்ந்த ஹெக்சிம்1 பி-டெஃப்-பியைச் சிறைப்படுத்துகிறது, உயிரணுவின் பெருக்கம் நிற்கிறது, முதிர்ச்சி தொடங்குகிறது. 2006இல் சோ குழுவினர் ஃபிரெண்டின் அதே எலி உயிரணுக்களில் இதனை ஆராய்ந்து, எச்.எம்.பி.ஏ.யின் நீடித்த செயலால் ஹெக்சிம்1 பெருகிப் பி-டெஃப்-பி பெருமளவு காவல் நிலைக்குச் செல்வதைக் காட்டினர். 1971இல் சிவந்த உயிரணுத் திரளுக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் மூலக்கூறு நிலையில் ஒரு விளக்கம் கிடைத்ததாகத் தோன்றியது.

மறு ஆண்டே அவ்விளக்கம் சிக்கலாயிற்று. சான்பிரான்சிஸ்கோவில் மத்தியா பீட்டர்லின் குழுவினர், உயிரணுவினுள் உறங்கும் எச்.ஐ.வி. வைரஸை எச்.எம்.பி.ஏ. எழுப்புவதன் காரணத்தை ஆராய்ந்தனர். எச்.ஐ.வி.யின் படியெடுப்புக்குப் பி-டெஃப்-பி இன்றியமையாதது. எச்.எம்.பி.ஏ. பி-டெஃப்-பியை அடக்குவதாயின் வைரஸ் மேலும் உறங்கவேண்டும். ஆனால் எச்.எம்.பி.ஏ. செலுத்தப்பட்டதும் பி-டெஃப்-பி ஹெக்சிம்1இன் பிடியிலிருந்து விடுபடுவதையே 2007இல் அவர்கள் கண்டனர். ஒரே சேர்மம், ஒரு குழுவுக்கு அது காவலரைப் பெருக்கியது, மற்றொரு குழுவுக்குக் கைதியை விடுவித்தது.

இவ்விரண்டும் காலத்தால் வேறுபட்ட நிகழ்வுகள் என்பதே முரணைத் தீர்த்தது. பெட் வகைப் புரதங்களைத் தடுக்கும் ஜேக்யூ1 என்னும் சேர்மம் 2010இல் அறிவிக்கப்பட்டிருந்தது. அதைக் கொண்டு பீட்டர்லின் குழு 2012இல் செய்த ஆய்வில் வரிசை தெளிவாயிற்று. முதலில் பி-டெஃப்-பி சிறிது நேரம் விடுபடுகிறது. விடுபட்ட பி-டெஃப்-பி படியெடுக்கத் தூண்டும் மரபணுக்களுள் ஹெக்சிம்1இன் மரபணுவும் ஒன்று. புதிதாக உருவாகும் ஹெக்சிம்1 மீண்டும் பி-டெஃப்-பியைப் பிடித்து அடைக்கிறது. அதாவது ஹெக்சிம்1இன் உயர்வு, சேர்மத்தின் நேரடிச் செயலைவிட, சேர்மம் குலைத்த சமநிலையை உயிரணு மீட்டுக்கொள்ளும் முயற்சியின் விளைவு என்று கொள்வது பொருந்தும்.

தமிழில் தூண்டுதல் என்ற சொல் விளக்குத் திரியோடு பழகியது. தூண்டுகோல் சுடரை உயர்த்துகிறது. சுடருக்கான எண்ணெய் கோலில் இல்லை. ஹெக்சிம்1இன் பெயரிலுள்ள ‘தூண்டப்படுவது’ என்ற சொல்லும் இவ்வளவே கூறியது. 1999இல் அது வெறும் காட்சிப்பதிவு. 2003க்குப்பின் வந்தோர் அதைக் காரணகாரியக் கூற்றாகப் படித்தனர்: சேர்மம் புரதத்தை உயர்த்துகிறது, புரதம் புற்றை அடக்குகிறது, எனவே புரதத்தை உயர்த்தும் சேர்மங்களைத் தேடுவோம். இத்தர்க்கம் பிழையென்று கூறுவதற்கில்லை. ஹெக்சிம்1இன் உயர்வு விளைவாக இருந்தாலும், அவ்விளைவு மேலும் விளைவுகளை உண்டாக்கவல்லது. ஆனால் முதல் அசைவு எங்கே நிகழ்ந்தது என்ற வினாவைப் பெயர் மறைத்துவிட்டது.

இத்தர்க்கத்தின் வழியே கிளீவ்லாந்தில் ஒரு மருந்தாக்க முயற்சி நிகழ்ந்தது. மொன்டானோ குழுவினர் எச்.எம்.பி.ஏ.வை மக்கும் பாலிமரில் பொதிந்து, மார்பகப் புற்றுடைய எலிகளில் கட்டிக்கு அருகிலேயே செலுத்தினர். உடல் முழுவதும் பரவும் நச்சுத்தன்மையைத் தவிர்ப்பதே நோக்கம். புற்றின் பரவல் குறைந்ததை 2013இல் அறிவித்தனர். அடுத்த ஆண்டு அதே நகரின் வேதியியலாளர் பின் சூ, மொன்டானோவுடன் இணைந்து எச்.எம்.பி.ஏ.யின் கட்டமைப்பை மாற்றி, குறைந்த செறிவிலேயே ஹெக்சிம்1ஐ உயர்த்தும் சேர்மங்களை வெளியிட்டார். மார்க்ஸும் பிரெஸ்லோவும் 1990களில் செய்ததை இவர்கள் மற்றொருமுறை செய்தனர் என்றே கூறவேண்டும். அதே மூலச்சேர்மம், அதே செப்பனிடல். வேறுபட்டது அளவுகோல் மட்டுமே. முன்னவர் உயிரணு சிவப்பதைப் பார்த்தனர். பின்னவர் ஹெக்சிம்1 உயர்வதைப் பார்த்தனர். அளவுகோல் மாறியதும் ஒரே வேரிலிருந்து வேறு கிளை கிளைத்தது.

வேதிக்கட்டமைப்பில் எச்.எம்.பி.ஏ.யோடு எவ்வகையிலும் தொடர்பற்ற பொருள்களும் இதே புரதத்தை உயர்த்தின. மூட்டுவாதத்துக்குத் தரப்படும் லெஃப்லுனோமைடு, டி.என்.ஏ.க்கும் ஆர்.என்.ஏ.க்கும் வேண்டிய நியூக்ளியோடைடுகளின் உற்பத்தியைத் தடுக்கிறது. அப்பற்றாக்குறையால் மெலனோமா உயிரணுக்களில் ஹெக்சிம்1 உயர்ந்து புற்றை அடக்குவதை பாஸ்டனில் லியோனார்ட் சோன் குழு 2016இல் காட்டியது. மூலப்பொருள் குறைந்தால் படியெடுப்பைக் குறைத்துக்கொள்ளும் உயிரணுவின் சிக்கன நடவடிக்கையாக இது தோன்றுகிறது. இங்கும் தூண்டியது சேர்மமா, தட்டுப்பாடா என்ற கேள்வி நிற்கிறது.

அளவுகோலாதல்

அதே 2016இல் சுவீடனின் கோத்தன்பர்க்கிலிருந்து வந்த ஒரு கட்டுரை, எச்.எம்.பி.ஏ. நேரடியாகப் பற்றும் இடத்தைச் சுட்டியது. அது பெட் வகைப் புரதங்களின் புரோமோடொமைன்களில் பிணைந்து அவற்றைத் தடுக்கிறது. ஜேக்யூ1உம் எச்.எம்.பி.ஏ.வும் ஹெக்சிம்1இடம் ஒரேவகையாக நடந்துகொண்டதன் காரணம் இதனால் விளங்கிற்று. உருவாகி நாற்பது ஆண்டுகளுக்குப்பின் அச்சேர்மத்துக்கு ஒரு நேரடி இலக்கு கிடைத்தது. ஹிஸ்டோன்களில் அசிட்டைல் தொகுதியை நீக்கும் நொதியை வோரினோஸ்டாட் தடுக்கிறது. அதே அசிட்டைல் தொகுதியைப் படிக்கும் புரதத்தை எச்.எம்.பி.ஏ. தடுக்கிறது. இரண்டும் ஒரே குறியீட்டு முறையின் இரு வேறு இடங்களில் கை வைத்தவை. 1998இல் தெரிந்த முறிவு அவ்வளவு முழுமையானதன்று என்பது இதனால் தெரிகிறது. ஆயினும் 1976இல் எவரும் அதை எண்ணி எச்.எம்.பி.ஏ.வை வடிக்கவில்லை, பிற்காலத்து உறவை முற்காலத்து நோக்கமாக வாசிப்பது வரலாற்றாசிரியருக்குத் தகாது.

பெட் தடுப்பான்கள் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டபோது நடைமுறைச் சிக்கல் ஒன்று எழுந்தது. உடலில் செலுத்திய மருந்து தன் இலக்கை எட்டியதா என்பதை எப்படி அறிவது? கட்டியிலும் அதற்கு மாற்றாக எடுக்கத்தக்க பிற திசுக்களிலும் ஒருசேர, நம்பத்தகுந்த வகையில் மாறும் ஒரு மரபணு வேண்டும். அத்தேவைக்கு மிகப் பொருத்தமாக அமைவது ஹெக்சிம்1 என்று மருந்து நிறுவன ஆய்வாளர்கள் 2017இல் அறிவித்தனர். சிகிச்சையின் இலக்காகக் கருதப்பட்ட புரதம் இங்கு சிகிச்சையின் அளவுகோலாக நின்றது. புரதத்தின் உயர்வு நோயைக் குணப்படுத்துகிறதா என்பது அளவுகோலுக்குத் தேவையற்ற வினா. மருந்து சென்றடைந்ததா என்பது மட்டுமே அங்குக் கேட்கப்பட்டது. அவ்வாய்வுகளில் எச்.எம்.பி.ஏ. மருந்தாகவோ ஒப்பீட்டுப் பொருளாகவோ கருதப்படும் நிலையில் இல்லை. அளக்கப்படும் புரதத்தின் பெயரில், எழுத்துகள் சுருங்கிய நிலையில் அது இருக்கிறது.